நெஞ்சில் ‘அல்லது’ என்று எழுதிய அணி

பில்லுண்ட் விமான நிலையத்தில் என் பெட்டியைத் திறந்த சுங்கப் பெண் முதலில் கண்டது பருத்தித்துறை வடை. அதற்குக் கீழே பேஸ்போலில் பந்து பிடிக்கிறவர் போடுகிற இரும்புக் கம்பி முகமூடி, நெஞ்சுக் கவசம், பலாச்சுளை நிறத்தில் ஒரு பெரிய தோல் கையுறை. வடையையும் முகமூடியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள். சேலைக்கு மேலே குளிர்ச்சட்டை, காலில் குதிக்கால் வலிக்கு வைத்தியர் எழுதித் தந்த சப்பாத்து. யாருக்கு இது என்று கேட்டாள். தம்பிக்கு என்றேன். தம்பிக்கு என்ன வயது என்றாள். ஐம்பத்தெட்டு என்றதும் சிரிப்பை அடக்கிக்கொண்டு பெட்டியை மூடிவிட்டாள்.

நான் இருப்பது ஸ்கார்பரோவில், ஒரு மருத்துவமனைச் சமையலறையில் வேலை. எங்கள் ரொறன்ரோவில் பேஸ்போல் என்றால் ஊரே விசர்பிடித்து நிற்கும். ஆனால் டென்மார்க்கில், யூட்லாந்தின் நடுவில், கிரின்ஸ்டெட் என்ற சின்ன ஊருக்கு ஒரு பேஸ்போல் அணி இருக்கிறது, அது நாட்டின் கடைசித் தரத்தில் கடைசிக்குப் பக்கத்தில் இருக்கிறது, அதன் தலைவன், பயிற்சியாளன், பந்து பிடிக்கிறவன், சட்டை தோய்க்கிறவன் எல்லாம் என் தம்பி அன்ரன் என்று அங்கே சொன்னால் ஒருவரும் நம்புவதில்லை. “அக்கா, இஞ்சை உந்தச் சாமான் யானை விலை. ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்துக்கு முந்திக் கொண்டந்து தாங்கோ” என்று தொலைபேசியில் கெஞ்சினான். லீவும் கிடைத்தது. வந்துவிட்டேன்.

வேலை முடிந்து வந்து ஏற்றுகிறேன் என்று அவன் சொன்னதை நான் கேட்கவில்லை. ரொறன்ரோ பஸ்ஸில் முப்பது வருடம் அடிபட்டவளுக்கு இதென்ன பெரிய காரியம் என்று வாயடித்துவிட்டு நிறுத்தத்தில் போய் நின்றேன். பஸ் வரவில்லை. காற்றுத்தான் வந்தது, அதுவும் நாலு பக்கத்தாலும். அட்டவணையில் நேரத்துக்குப் பக்கத்தில் ஒரு குட்டிப் பூச்சி மாதிரி அடையாளம் இருந்தது. பள்ளிக்கூட நாட்களில் மட்டும் ஓடும் என்று அதற்குப் பொருளாம். அப்போது கோடை விடுமுறை. இந்த நாட்டில் பஸ் பிடிக்க முதலில் பள்ளிக்கூடம் சேரவேண்டும் போல.

கடைசியில் பேக்கரியிலிருந்து பாண் கொண்டுபோகும் வான் ஒன்று நின்றது. ஓட்டிவந்தவள் என் வயதுக்காரி, நல்ல ஆங்கிலம் பேசினாள். கிரின்ஸ்டெட்டில் யார் வீட்டுக்கு என்று கேட்டாள். அன்ரன் என்றேன். “எந்த அன்ரன்? அல்லது அன்ரனா?” என்றாள். எனக்கு விளங்கவில்லை. அவள் மறுபடியும், “அல்லது அன்ரன்தானே? அவனை எனக்குத் தெரியாதா?” என்று என்னை வீட்டு வாசலிலேயே இறக்கி, ஒரு பாணும் தந்துவிட்டுப் போனாள். ‘இன்னார் அல்லது அன்ரன்’ என்று இரண்டு பெயரில் திரிவது கள்ளன்தானே? என் தம்பி இந்த ஊரில் என்ன செய்துகொண்டிருக்கிறான் என்ற யோசனையோடுதான் மணியை அடித்தேன்.

கதவைத் திறந்தது அன்ரனின் மனைவி றெஜினா. தோள்மூட்டில் சத்திரசிகிச்சை செய்து ஒரு கையைத் தூளியில் போட்டிருந்தாள். ஒற்றைக் கையால் என்னைக் கட்டிப்பிடித்து, அதே ஒற்றைக் கையால் சாப்பாடும் வைத்தாள். கறுத்த ‘றை’ தானியப் பாண் துண்டின்மேல் தக்காளிக் குழம்பில் ஊறிய கானாங்கெளுத்தி மீன், அதற்கு மேல் தேங்காய்ச் சம்பல். டேனிஷ்காரர் மயொனேஸ் வைக்கிற இடத்தில் இவள் சம்பல் வைத்திருக்கிறாள். ருசி நாக்கைச் சுட்டுக்கொண்டு இறங்கியது.

“அதென்ன, உன்ர மனுசனை ‘அல்லது’ எண்டு கூப்பிடுகினம்?” என்று கேட்டேன். றெஜினா சிரிக்கத் தொடங்கி, தோள் நொந்து நிறுத்தினாள்.

“ஐயோ மச்சாள், உங்களுக்கு அந்தக் கதை தெரியாதோ? அவர் வரட்டும். அவர் சொல்லட்டும், நான் திருத்துறன்.”

அன்ரன் வந்தான். முகமூடியைக் கையில் எடுத்ததும் சின்னப்பிள்ளை மாதிரி போட்டுக்கொண்டு, அதைக் கழற்றாமலே கதை சொன்னான்.

அவன் சொன்ன கதை ‘எல்லே’யில் தொடங்குகிறது; அதைத் தெரியாதவர்களுக்கு முதலில் ஒரு வார்த்தை. இலங்கைப் பள்ளிக்கூடங்களில் ஆடுகிற விளையாட்டு அது. பொல்லால் பந்தை அடித்துவிட்டு நாலு தரிப்பிடத்தையும் சுற்றி ஓடிவர வேண்டும். பேஸ்போலுக்குக் காசில்லாத சொந்தக்காரன் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு முக்கியமான வித்தியாசம், ஓடுகிறவன்மேல் பந்தை எறிந்து பட்டால் அவன் அவுட். கையுறையும் கிடையாது, கவசமும் கிடையாது. யாழ்ப்பாணத்தில் எங்கள் பெண்கள் பள்ளிக்கூட அணியில் நானும் இருந்தேன். என் எறி முதுகில் பட்டவள் அடுத்த நாள் பள்ளிக்கூடம் வரமாட்டாள் என்று ஒரு பெயர் எனக்கு இருந்தது.

அன்ரன் அகதியாக வந்த காலத்தில், பெடியன்களை இந்த ஊரில் ஒரு பழைய விடுதியில் போட்டிருந்தார்கள். வேலையில்லை, பாசையில்லை, வெளியில் இறங்கினால் சனம் யன்னல் திரையை விலக்கிப் பார்க்கும். நகரசபையை இங்கே கொம்யூன் என்கிறார்கள். பெடியன்கள் சும்மா படுத்துக் கிடக்கிறார்களே என்று அந்தக் கொம்யூன் ஒரு விளையாட்டு வாத்தியாரை அனுப்பியது. பெயர் யென்ஸ். சைக்கிளில் வந்தவர், உதைபந்தாட்டமா கைப்பந்தாட்டமா என்று அவர்களுடைய பாசையில் கேட்டார். “ஃபொத்போல் எல்லர் ஹொன்போல்?”

எல்லர் என்றால் டேனிஷில் ‘அல்லது’. எழுதினால் எல்லர். வாயால் சொல்லும்போது அந்த ‘ர்’ஐ விழுங்கிவிடுவார்கள், காதில் ‘எல்லே’ என்று விழும்.

“எங்களுக்கு அந்த நடுச் சொல்லு மட்டும்தான் விளங்கினது” என்றான் அன்ரன். “இந்த வெள்ளைக்கு எல்லே தெரியுதடா எண்டு எல்லாரும் துள்ளி எழும்பி, எல்லே, எல்லே எண்டு கத்தினம். மனுசன் பயந்துபோனான்.”

“பேந்து ஆறுதலாய்க் கேட்டவராம்” என்றாள் றெஜினா.

“ஓம், ஆறுதலாய்க் கேட்டான். ஃபொத்போல்... எல்லர்... ஹொன்போல்? நாங்களும் ஆறுதலாய், ஓம், எல்லே எண்டம். அது ரெண்டும் வேண்டாம், ‘அல்லது’ வேற ஏதோ கேக்கிறாங்கள் எண்டு அவன் விளங்கிக்கொண்டான். வேற என்ன எண்டு கையாலை கேட்டான். நான் ஒரு தடியை முறிச்சு, அடிச்சு, ஓடிக் காட்டினன்.”

அடுத்த கிழமை யென்ஸ் ஏதோ ஒரு பள்ளிக்கூடக் களஞ்சியத்தில் தேடி, பேஸ்போல் மட்டையும் ஒரு சாக்கு நிறையக் கையுறையும் கொண்டுவந்தார். பேஸ்போலில் பந்து பிடிக்கிற கைக்கு மட்டும்தான் கையுறை; இது குளிருக்குத் தந்தது என்று பெடியன்கள் நினைத்தார்கள். “எல்லாம் இடக்கைக்குத்தான் கிடந்தது. இதென்ன கஞ்சத்தனம், மற்றக் கைக்கு எங்கை எண்டு கேட்டு நான்தான் சண்டை பிடிச்சனான்” என்றான் அன்ரன், முகமூடிக்குள்ளிருந்து.

அணியைப் பதியப் போனபோது யென்ஸ் பெயர் கேட்டிருக்கிறார். எல்லே என்றார்கள். அவர் தனக்குக் கேட்டபடி ‘எல்லர்’ என்று எழுதிவிட்டார். இவர்கள் டேனிஷ் படித்துப் பொருளைக் கண்டுபிடிப்பதற்குள் சட்டையில் அச்சடித்தாயிற்று. அன்றிலிருந்து நெஞ்சில் ‘அல்லது’ என்று எழுதிக்கொண்டு ஊர் ஊராகப் போய்த் தோற்றுவருகிறார்கள்.

முதல் ஆட்டத்தில் இன்னொரு கூத்து. எதிரணிக்காரன் ஒருவன் ஓட, அன்ரன் பந்தை எடுத்து அவன் முதுகிலேயே ஒன்று போட்டான். அவன் குப்புற விழுந்தான். எங்கள் ஆட்கள் அவுட் அவுட் என்று கட்டிப்பிடித்துக் கொண்டாட, பார்த்துக்கொண்டிருந்த டேனிஷ்காரருக்கு இது விளையாட்டா கலவரமா என்று தெரியவில்லை. யென்ஸ் நடுவே புகுந்து கும்பிட்டு மன்றாடி முடித்துவைத்தாராம். முதுகில் வாங்கிய மனிதன் இப்போது அந்த அணிக்கே பயிற்சியாளன். வருடா வருடம் அன்ரனைக் கண்டதும் முதுகைத் தடவிக் காட்டுவானாம். இந்த ஞாயிறும் ஆட்டம் அந்த அணியோடுதான்.

சிரித்து முடிந்ததும் அன்ரன் முகமூடியைக் கழற்றினான். அப்போதுதான் அவன் முகம் எனக்குச் சரியாகத் தெரிந்தது. வாடியிருந்தது.

விசயம் இதுதான். அணியில் இப்போது எட்டுப் பேர். பழைய ஆட்கள் முழங்கால் தேய்ந்து ஒதுங்கிவிட்டார்கள், பிள்ளைகள் படித்துப் பெரிய நகரங்களுக்குப் போய்விட்டார்கள். ஒன்பது பேர் இறங்காவிட்டால் ஆட்டமில்லை. ஒரு பருவத்தில் இரண்டு தடவை அப்படி நடந்தால் அணியின் பெயரையே எடுத்துவிடுவார்கள். கோடை தொடங்கும்போதே ஒரு தடவை நடந்துவிட்டது. பெயர் போனால் திடலும் போகும். அதில் வேறு ஏதோ கட்ட ஆட்கள் காத்திருக்கிறார்கள்.

“கடைசித் தரத்திலை மூச்சிருந்தால் காணும், அக்கா. ஆம்பிளை, பொம்பிளை, வயது ஒண்டும் பாக்கிறேல்லை. முதல் பந்துக்கு முந்திப் பேரைக் குடுத்தால் சரி. இவளின்ர தோள் மட்டும் சுகமாயிருந்தால் இவளையே இறக்கியிருப்பன்.”

இருவரும் என்னைப் பார்த்தார்கள். “என்னைப் பாக்காதை. நான் முகமூடி கொண்டந்த ஆள், போடுற ஆளில்லை” என்று அங்கேயே வெட்டிவிட்டேன்.

வெள்ளிக்கிழமை ஒன்பதாவது ஆளைத் தேடி பிரெடெரிசியா நகரத்துக்குப் போனோம். அங்கே டேவிட் என்று ஒருவர், பழைய ஆட்டக்காரர், இப்போதும் ஓடக்கூடிய ஆள். வாசலிலேயே ஆட்டிறைச்சி றோல்ஸ் மணம். அவருடைய மனைவி சுடச்சுடத் தட்டில் போட்டுக்கொண்டேயிருந்தார். நான் வெட்கமில்லாமல் சாப்பிட்டேன், அன்ரன் ஒன்றையே கையில் வைத்துக்கொண்டு மன்றாடினான்.

“அண்ணை, ஞாயிற்றுக்கிழமை ஆராதனை. பின்னேரம் வரைக்கும் போகும். நான்தான் கிற்றார் அடிக்கிறது” என்றார் டேவிட்.

“ஒரே ஒருக்கா, தம்பி. கர்த்தர் கோவிக்க மாட்டார்.”

“கர்த்தர் விட்டாலும் இவ விடமாட்டா, அண்ணை” என்று மனைவியைக் காட்டினார். அந்தப் பெண் சிரிக்காமல் இன்னொரு றோல்ஸ் வைத்தார். “நாங்கள் சபையிலை உங்கடை அணிக்காகக் கட்டாயம் செபிக்கிறம்” என்றும் சொன்னார், மனதாரத்தான். காரில் ஏறியதும் அன்ரன் வெடித்தான். “செபம் வந்து ஒம்பதாவது ஆளாய் நிக்குமோ?”

சனிக்கிழமை ஸ்கீவ என்ற ஊர். அன்ரனின் மின்சாரக் கார் பாதி வழியில், இனி முடியாது என்று சிவப்பு விளக்கைக் காட்டியது. மின்னேற்றும் இடத்தைக் கண்டுபிடித்தால் அது அவன் கைபேசியோடு பேச மறுத்தது. இவன் அதைத் தட்டினான், அது இவனைப் பேசாமல் பார்த்துக்கொண்டு நின்றது. நான் பசியில் போய் சொசேஜ் வாங்கினேன். கல்யாண வீட்டுக் குங்குமம் மாதிரி அப்படியொரு சிவப்பு. மின்னேற்ற வரிசையில் நின்ற ஒரு கிழவி தன் புருசனிடம் ஏதோ சொல்ல, அவர் தலையைக் குனிந்துகொண்டார். என்ன சொல்கிறா என்று அன்ரனிடம் கேட்டேன். “பெற்றோல் காரே காணும் எண்டு நான் அப்பவே சொன்னனான், நீதான் கேக்கேல்லை எண்டு சொல்லுறா.” இந்த ஒரு வசனத்துக்கு எந்த நாட்டிலும் மொழிபெயர்ப்புத் தேவையில்லை.

ஸ்கீவவில் இருப்பவர் சூசை, மன்னார் ஆள். முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை. பக்கத்துக் கடலில் அள்ளிவந்த மட்டியில், மிளகு தூக்கலாகக் கறி வைத்திருந்தார். ஓட்டோடு உறிஞ்சிச் சாப்பிட்டோம். ரொறன்ரோவில் இதே மட்டியை மேசைவிரிப்புப் போட்ட கடையில் வெண்ணெயில் மிதக்கவிட்டு, ஒரு நாள் சம்பளத்தைக் கேட்பார்கள். அன்ரன் வாயைத் திறக்குமுன்பே சூசை சொன்னார், “வாறன் அண்ணை. நாளைக்கு எனக்கு லீவு. சத்தியமாய் வாறன்.”

திரும்பும் வழியில் தம்பி பாட்டுக்கூடப் பாடினான். அவன் குரல் இன்னும் அதே கட்டைக் குரல். “உனக்கு என்னத்துக்கடா இவ்வளவு பாடு? ஐம்பத்தெட்டு வயசாச்சு, விட்டுட்டு வீட்டிலை இரன்” என்றேன்.

பாட்டை நிறுத்திவிட்டுச் சொன்னான். “அக்கா, இந்த ஊருக்கு வந்து ஒரு வருசமாய் நான் ‘அந்தத் தமிழன்’. கடையிலை, கொம்யூனிலை, எல்லா இடமும் அதுதான். அந்தத் திடலிலை ஒருநாள் நான் பந்தை அடிக்க, வெளியிலை நிண்ட சனம் ‘அன்ரன், ஓடு!’ எண்டு கத்தினது. அண்டைக்குத்தான் இஞ்சை ஒருத்தர் என்ர பேரைச் சொன்னது. அதை எடுக்கப்போறாங்கள் எண்டா, எனக்குத் தாங்கேலாது.”

நான் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன். கோதுமை வயல், காற்றாடி, மறுபடியும் கோதுமை வயல்.

ஞாயிறு காலை அவர்களுடைய மகள் நிசா கொப்பன்ஹேகனிலிருந்து ரயிலில் வந்து இறங்கினாள். இருபத்துநாலு வயது, அணியின் பந்து எறிகாரி. தகப்பன் தமிழில் கேட்க அவள் டேனிஷில் பதில் சொல்ல, இருவரும் ஒரு குறையுமில்லாமல் கதைத்துக்கொண்டார்கள். என்னோடு மட்டும் தமிழ். “மாமி, நீங்க வடை கொண்டுவந்தது எண்டு அம்மா சொன்னது” என்று பெட்டியைத் தேடிப் போனாள்.

திடலில் காற்று. எதிரணிப் பெடியன்கள் ஒவ்வொருவரும் பனைக்கு அரைப் பனை. அவர்களுடைய பயிற்சியாளர், நரைத்த ஆள், தூரத்திலேயே அன்ரனைக் கண்டு முதுகைத் தடவிக் காட்டினார். நடுவர் யென்ஸ். எண்பதைத் தாண்டி, ஊன்றுகோலோடு நின்றார். அவருக்குத் தெரிந்த ஒரே தமிழ்ச் சொல், ஆமாம் என்பதற்கு நாங்கள் சொல்கிற ‘ஓம்’. என் கையைப் பிடித்துக்கொண்டு அதையே திருப்பித் திருப்பிச் சொன்னார்.

ஆட்டம் தொடங்கக் கிட்டத்தில் அன்ரனின் கைபேசி அடித்தது. சூசை. முதியோர் இல்லத்தில் இருவருக்குச் சுகமில்லையாம், ஆளில்லாமல் இவரை அழைத்துவிட்டார்களாம். “அண்ணை, கிழடுகளை விட்டுட்டு எப்பிடி வாறது?” என்று அழாத குறை. அன்ரன் கோவிக்கவில்லை. “ஓம் சூசை, நீ அதுகளைப் பார்” என்று வைத்துவிட்டு, வாங்கில் உட்கார்ந்து முகமூடியை மடியில் வைத்துக்கொண்டான்.

யென்ஸ் கடிகாரத்தைப் பார்த்தார். எங்கள் பக்கம் எண்ணினார், இன்னொரு தடவை எண்ணினார், வேண்டுமென்றே மெதுவாக. பிறகு ஊன்றுகோலை ஊன்றிக்கொண்டு வந்து அன்ரன் முன்னால் நின்று, ஏதோ கேட்டார். கடைசிச் சொல் ‘எல்லர்’ என்பது மட்டும் என் காதில் விழுந்தது.

“விட்டுக்குடுக்கிறீங்களா, அல்லது... எண்டு கேக்கிறார்” என்று நிசா என் காதுக்குள் சொன்னாள். அந்த ‘அல்லது’க்குப் பிறகு அவர் ஒன்றும் சொல்லவில்லையாம். டேனிஷ்காரர் அப்படித்தான் பாதியில் விட்டுவிட்டு நிற்பார்களாம்.

அன்ரன் புல்லைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் வாய் கோணிக்கொண்டு வந்தது. சின்ன வயதில் அழுகையை அடக்கும்போதும் இப்படித்தான். எனக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. எழும்பினேன். எனக்குத் தெரிந்த டேனிஷ் ஒரே ஒரு சொல். இல்லை, அது டேனிஷே இல்லை.

“எல்லே!” என்று கத்தினேன்.

யென்ஸ் திரும்பி என்னை மேலும் கீழும் பார்த்தார். கிழவரின் முகம் மெல்ல விரிந்தது. “ஓம்?” என்றார்.

“ஓம். எல்லே!”

சேலையைக் களைந்து நிசாவின் ஓட்டக் காற்சட்டையும், சூசைக்கு வைத்திருந்த கூடாரம் போன்ற சட்டையும் மாட்டிக்கொண்டு இறங்கினேன். வலது பக்கத்துக் கடைசி மூலையில் நிறுத்தினார்கள். பந்து வராத இடமாம். உண்மையாகவே வெகுநேரம் வரவில்லை. கையுறைக்குள் கை வியர்த்ததில் அதைக் கழற்றி அக்குளுக்குள் வைத்துக்கொண்டு குதிக்காலை மாற்றி மாற்றி நின்றேன். எனக்கு மட்டை பிடிக்கிற முறை வந்தபோது மூன்று பந்து வந்தது, மூன்றும் போனது. அதைப்பற்றி இதற்குமேல் எழுதப்போவதில்லை.

பிறகு ஒரு பந்து புல்லில் துள்ளித் துள்ளி நேரே என்னிடம் வந்தது. வெறுங்கையால் அள்ளினேன். ஒரு நெட்டைப் பெடியன் இரண்டாவது தரிப்பிடம் தாண்டி மூன்றாவதுக்கு ஓடிக்கொண்டிருந்தான். “மாமி, மூண்டுக்குப் போடுங்கோ!” என்று நிசா கத்தியதாகப் பிறகு சொன்னார்கள். எனக்குக் கேட்கவில்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம் ஓடுகிற ஒரு முதுகு. யாழ்ப்பாணத்துக் கை தன்பாட்டில் எறிந்தது.

இடுப்புக்குக் கொஞ்சம் மேலே, பொத்தென்று பட்டது. “அவுட்!” என்று துள்ளினேன்.

என்னைத் தவிர வேறு ஒருவரும் துள்ளவில்லை. பெடியன் ஓட்டத்தை நிறுத்தி, இடுப்பைப் பிடித்துக்கொண்டு, யார் இந்த மனுசி என்று என்னையே பார்த்துக்கொண்டு நின்றான். பந்து அவன் காலடியில் கிடந்தது. முதலில் புத்தி வந்தது அன்ரனுக்குத்தான். கவசமெல்லாம் கடகடக்க ஓடிவந்து, பந்தைப் பொறுக்கி, பெடியனின் தோளில் மெதுவாகத் தொட்டான். பேஸ்போல் சட்டப்படியும் அவுட். யென்ஸ் ஊன்றுகோலையே தூக்கிக் காட்டினார். எதிரணிப் பயிற்சியாளர் ஒரு கையை முதுகில் வைத்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்து, வாங்கிலிருந்து சரிந்தே போனார்.

தோற்றோம். நன்றாகவே தோற்றோம். ஆனால் ஆட்டம் நடந்தது, ஒன்பது பேர் இறங்கினோம், பெயர் நின்றது. ஆட்டம் முடிந்து போகிறபோது, திடல் வாசலில் நின்ற பாண் வான்காரி, அன்ரன் என்னைக் கூப்பிடுவதைக் கேட்டுப் பிடித்துக்கொண்டு, கையை வாயில் குவித்து “அல்லது அக்கா!” என்று கத்தினாள்.

வீட்டுக்கு வந்ததும் என் குதிக்காலை வெந்நீருக்குள் வைத்துக்கொண்டு குசினி யன்னலால் பார்த்தேன். இங்கே கோடையில் சூரியன் லேசில் போகாது, பின்வளவு பட்டப்பகல் மாதிரி இருந்தது. அன்ரன் சட்டைகளைத் தோய்த்துக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தான். எல்லாம் போட்டு முடிந்த பிறகும் உள்ளே வரவில்லை. கொடியின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு விரலால் தொட்டுத் தொட்டுப் போனான். திரும்பவும் வந்து முதலிலிருந்து தொடங்கினான்.

“அன்ரன்! நானும் எண்ணிப் போட்டன், ஒம்பதுதான். உள்ளை வா, சாப்பாடு ஆறுது” என்றேன்.

“வாறன் அக்கா” என்றான். சொல்லிவிட்டு இன்னொரு தடவை எண்ணினான்.